மாஸ்டர் செக்கப் பிரிவின் காலை வரிசையும் சிம்பை மென்பொருளும்: ஒரு மதிப்புரை

மாவட்டத் தலைநகர் ஒன்றில் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையின் முழு உடல் பரிசோதனைப் பிரிவுக்கு நான் நிர்வாகப் பொறுப்பாளராக இருக்கிறேன். மாஸ்டர் செக்கப் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பிரிவுக்கு இரண்டாவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இயந்திரம் வாங்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அதற்கு ஆதரவாக ஒரு குறிப்பு எழுதித் தருமாறு நிர்வாகக் குழு என்னைக் கேட்டுக்கொண்டது. எழுத உட்கார்ந்த பிறகுதான், இயந்திரம் வந்தால் காத்திருப்பு எவ்வளவு குறையும் என்ற அடிப்படைக் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை என்பது தெரிந்தது. அந்தப் பதிலைத் தேடித்தான் சிம்பையைக் கணினியில் நிறுவினேன். ஓராண்டுக்கும் மேலாக அதனோடு பழகிய பின், இதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

சிம்பை என்பது பைத்தான் என்ற கணினி நிரல் மொழிக்கான ஒரு நிரல் நூலகம். விலை கிடையாது, எம்ஐடி உரிமத்தின் கீழ் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கிளவுஸ் முல்லர், டோனி விக்னோ இருவரும் 2002-இல் தொடங்கிய அந்தப் பணியை ஒன்ட்யே லுன்ஸ்டார்ஃப், ஸ்டெஃபான் ஷெர்ஃப்கே ஆகியோர் 2013-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் ஏறக்குறைய புதிதாகவே எழுதினார்கள். இப்போது நான்காம் பதிப்பு புழக்கத்தில் இருக்கிறது. ஒரு வரிசை, ஒரு அறை, ஒரு மருத்துவர் என்று நிஜத்தில் நடப்பதைக் கணினிக்குள் ஒத்திகை பார்ப்பதுதான் அதன் வேலை. சிமுலேஷன் என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்த ஒத்திகையில் கணினியின் கடிகாரம் நொடி நொடியாக நகர்வதில்லை. ஒருவர் வந்தார், ஒருவருக்கு ஸ்கேன் முடிந்தது, ஒருவர் சாப்பிடப் போனார் என ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவிச் செல்கிறது. ஆகவே ஒரு முழுக் காலைப் பொழுதை இருநூறு முறை ஓட்டிப் பார்ப்பதற்குச் சாதாரண மடிக்கணினியில் சில விநாடிகளே ஆகின்றன.

எங்கள் பிரிவின் காலை எப்படி நகர்கிறது என்பதைச் சொன்னால்தான் இந்தக் கருவியின் அருமை விளங்கும். பரிசோதனைக்கு வருபவர் வெறும் வயிற்றில் வர வேண்டும். பதிவு முடிந்ததும் ரத்தம் எடுக்கப்படும். பித்தப்பை தெளிவாகத் தெரிவதற்கு வயிற்று ஸ்கேனையும் சாப்பிடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஆனால் அடிவயிற்றுப் பகுதியைப் பார்ப்பதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஸ்கேன் முடிந்த பிறகே காலை உணவு. சாப்பிடத் தொடங்கியதிலிருந்து சரியாக 2 மணி நேரம் கழித்து இரண்டாவது முறை ரத்தம் எடுக்க வேண்டும். இசிஜி, மார்பு எக்ஸ்ரே, கண் பரிசோதனை ஆகியவற்றை இடையில் எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம். ஸ்கேனுக்காக ஒருவர் கூடுதலாகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய காலை உணவைத் தள்ளுகிறது, உணவு இரண்டாவது ரத்தத்தைத் தள்ளுகிறது, ரத்தம் வீடு திரும்பும் நேரத்தைத் தள்ளுகிறது.

இவர்களில் சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை ஒன்பதே முக்கால் மணிக்கு ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "தம்பி, எனக்கு முன்னாடி இன்னும் எத்தனை பேரு?" என்று கேட்டபோது அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது, கை நடுங்கியது. விரல் நுனியில் சர்க்கரை பார்த்தோம்; இறங்கியிருந்தது. உடனே குளுக்கோஸ் கலந்து கொடுத்தோம், சற்று நேரத்தில் தெளிந்தார். நோயைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி அழைத்துவிட்டு, காத்திருக்க வைத்தே ஒருவருக்குக் கேடு விளைவித்தோம் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

காகிதத்தில் எங்கள் கணக்கு குறையில்லாமல்தான் இருந்தது. பரபரப்பான நாளில் 40 பேர் வருவார்கள். ஒரு ஸ்கேனுக்குச் சராசரியாக 8 நிமிடம் என்றால் 320 நிமிடம். ஸ்கேன் மருத்துவர் காலை 7 மணி முதல் பன்னிரண்டரை வரை, அதாவது 330 நிமிடம் இருக்கிறார். போதும் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் இதே எண்களை வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள். காலை 9.30 மணிக்குள் எத்தனை பேருக்கு ஸ்கேன் முடித்துச் சாப்பிட அனுப்ப முடியும்? 150 நிமிடத்தை 8-ஆல் வகுத்தால் 18 பேர். மீதி 22 பேர் ஒன்பதரை மணியைத் தாண்டியும் பட்டினி கிடப்பார்கள் என்பதை அறியச் சிமுலேஷன்கூடத் தேவையில்லை, பென்சில் போதும். அந்தப் பென்சிலைக்கூட எடுக்காமல் பல ஆண்டுகளாகச் சராசரியை மட்டுமே நம்பியிருந்தோம்.

சராசரி மறைத்துவிடும் இன்னொன்று, வரவிலும் வேலை நேரத்திலும் உள்ள ஏற்ற இறக்கம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங் 1909-இலேயே தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே ஓர் ஊழியர், முன்னறிவிப்பின்றி வருகிறவர்கள், ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும் வேலை நேரம் என்று வைத்தால், ஊழியரின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பும்போது சராசரிக் காத்திருப்பு ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. வேலை நேரம் எல்லோருக்கும் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தால் இது பாதியாகக் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. 320-ஐ 330-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 97 சதவீதம். இந்தச் சூத்திரம் ஓயாமல் நடக்கும் வரிசைக்கு உரியது. தினமும் காலியாகத் திறந்து மதியம் மூடும் எங்கள் பிரிவுக்கு அப்படியே பொருந்தாது. அதோடு, சாப்பாட்டுக்குப் பின் 2 மணி நேரம், நிறைந்த சிறுநீர்ப்பை போன்ற நிபந்தனைகளைச் சூத்திரத்துக்குள் அடைக்கவும் வழியில்லை. சூத்திரம் கைவிடும் அந்த இடத்தில்தான் சிம்பை தேவைப்படுகிறது.

அதில் மாதிரியை, அதாவது நம் பிரிவின் கணினி வடிவத்தை, எழுதும் முறை ஒரு நோயாளியின் காலைப் பொழுதைக் கதையாகச் சொல்வதற்கு மிக நெருக்கமாக இருக்கிறது. ஒருவர் வருகிறார், பதிவு மேசையைக் கேட்கிறார், கிடைக்கும்வரை நிற்கிறார், மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறார், மேசையை விடுகிறார், ரத்தம் எடுக்கும் நாற்காலியைக் கேட்கிறார். இந்த வரிசையிலேயே நிரலின் வரிகளும் அமைகின்றன. 'யீல்டு' என்ற பைத்தான் சொல் வரும் இடங்களிலெல்லாம் அந்த நபர் காத்திருக்கிறார் என்று படித்துக்கொண்டால் போதும். பற்றாக்குறையாக உள்ள அறை, ஆள், இயந்திரம் ஆகியவற்றை 'ரிசோர்ஸ்' என்று அறிவிக்க வேண்டும். யாருக்காவது முன்னுரிமை தர வேண்டுமானால் 'பிரையாரிட்டி ரிசோர்ஸ்' இருக்கிறது. ஒரே ஒரு எண்ணை மாற்றினால் மருந்து எடுத்துக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் வரிசையில் முன்னே போகிறார்கள். எங்கள் பிரிவின் பொறுப்புச் செவிலியரிடம் திரையைக் காட்டி ஒவ்வொரு வரியாக விளக்கியபோது, நிரலெழுதத் தெரியாத அவரே, "சார், யூரின் நிறைஞ்சிருந்தாத்தான் டாக்டர் உள்ளே அனுப்பச் சொல்லுவாங்க, அது இதுல எங்கே இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் மாதிரியைக் காப்பாற்றியது. ஸ்கேன் அறை காலியாக இருந்தும் அழைக்கப்பட்டவர் தயாராக இல்லாததால் வீணாகும் நிமிடங்கள் அதுவரை என் கணக்கில் ஏறவே இல்லை.

மென்பொருளுக்கு விலையில்லை என்றாலும் உழைப்புக்கு விலையுண்டு. அதில் பெரும்பகுதி கணினிக்கு வெளியே போகிறது. இரண்டு வாரம் ஸ்கேன் அறை வாசலில் கடிகாரத்தோடு நின்று ஒவ்வொருவரும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அழைத்தும் திரும்பி அனுப்பப்பட்டாரா என்பதையெல்லாம் நோட்டில் எழுதினேன். நேரங்கள் சராசரியைச் சுற்றி இருபுறமும் சமமாகப் பரவவில்லை. பெரும்பாலான ஸ்கேன்கள் விரைவாக முடிய, ஏதோ ஒன்று தென்பட்டவர்களுக்கு மட்டும் மருத்துவர் நிதானமாகத் திரும்பத் திரும்பப் பார்த்ததால் வால் நீண்டது. பரிசோதனைச் சேவைகளின் இயல்பே இதுதான் என்று நினைக்கிறேன்: யாருக்காகப் பரிசோதனையே நடத்துகிறோமோ அவர்களுக்குத்தான் அதிக நேரம் தேவைப்படுகிறது. அந்த நீண்ட வாலை வெட்டிவிட்டு மாதிரி செய்தால் திரையில் வரிசை குறைந்து தெரியும்; திங்கட்கிழமை காலையில் குறையாது.

முதல் மாதிரியை ஓட்டியபோது திரையில் வந்த காத்திருப்பு, என் நோட்டில் இருந்ததைவிட வெகு குறைவு. நிரலில்தான் பிழை என்று மூன்று நாள் தேடினேன். கடைசியில் நோட்டைப் புரட்டினால், முதல் ஸ்கேன் பெரும்பாலான நாட்களில் 7 மணிக்குத் தொடங்கவே இல்லை. வார்டில் இரவு சேர்க்கப்பட்டவர்களின் அவசர ஸ்கேன்களை முடித்துவிட்டு மருத்துவர் எங்கள் அறைக்கு வரும்போது ஏழே முக்கால் ஆகியிருந்தது. அவர்மீது எந்தக் குறையும் இல்லை. வார்டு வேலையும் அவருடைய வேலைதான், அதை எங்கள் அட்டவணையில் யாரும் எழுதவில்லை, அவ்வளவே. அந்த முக்கால் மணியை மாதிரியில் சேர்த்தவுடன் திரையும் நோட்டும் ஒத்துப்போயின. எல்லோரும் காலை ஆறரைக்கே வந்து அமர்ந்துவிட, முதல் அழைப்பு ஏழே முக்காலுக்கு வந்தால் நாளின் மீதி நேரம் முழுவதும் அந்தக் கடனை அடைப்பதிலேயே போகிறது. இதைக் கண்ணால் பார்த்தபோது பல ஆண்டுப் புகார்களுக்கான காரணம் ஒரே வரியில் கிடைத்தது.

பிறகு ஒவ்வொரு யோசனையையும் ஒத்திகைக்கு விட்டோம். ஒப்பிடும்போது எல்லா யோசனைகளுக்கும் ஒரே மாதிரியான இருநூறு காலைகளையே கொடுப்பது அவசியம். இல்லையென்றால் நல்ல யோசனை வென்றதா, நல்ல நாள் வாய்த்ததா என்று பிரிக்க முடியாது. இரண்டாவது இயந்திரத்தை வாங்கி அதே ஒரு மருத்துவரை வைத்து ஓட்டியபோது காத்திருப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது, ஏனென்றால் தட்டுப்பாடு மருத்துவரின் நேரத்தில்தான் இருந்தது, இயந்திரத்தில் இல்லை. இரண்டாவது இயந்திரத்தோடு காலை 7 முதல் 9.30 வரை மட்டும் இன்னொரு மருத்துவரையும் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. செலவுதான் எங்கள் கைக்கு எட்டவில்லை. நான் பெரிதாக நம்பாத மூன்றாவது யோசனைதான் இறுதியில் கைகொடுத்தது. எல்லோரையும் ஆறரைக்கு வரச் சொல்லாமல் கால் மணிக்கு ஒரு குழுவாக நேரம் கொடுப்பது, மருந்து எடுக்கும் சர்க்கரை நோயாளிகளை முன்னே அனுப்புவது, அழைக்கும்போது சிறுநீர்ப்பை நிறையாதவருக்கு மேல்வயிற்றை மட்டும் பார்த்துவிட்டுச் சாப்பிட அனுப்பி, இரண்டாவது ரத்தத்துக்காக அவர் எப்படியும் காத்திருக்கப்போகும் 2 மணி நேரத்துக்குள் அடிவயிற்று ஸ்கேனுக்குத் திரும்ப அழைப்பது. இந்த மூன்றையும் சேர்த்துச் செய்தபோது பத்து மணிக்குமேல் பசியோடு இருப்பவர்களின் எண்ணிக்கை திரையில் கண்கூடாகக் குறைந்தது. இதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அதே மாதிரி காட்டியது. ஒருவரே இருமுறை அறைக்குள் வருவதால் மொத்த ஸ்கேன் நேரம் கூடுகிறது. எல்லோருக்கும் இப்படிப் பிரித்தால் மருத்துவரின் நேரமே போதாது. ஆகவே தயாராக இல்லாதவர்களுக்கு மட்டும் என்று விதியைச் சுருக்கினோம். நெரிசலான நாட்களில் மதியம் ஒரு மணி வரை இருப்பதற்கு மருத்துவர் ஒப்புக்கொண்டார். இயந்திரம் கேட்டு எழுத வேண்டிய குறிப்பில், இப்போதைக்கு இயந்திரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

இனி குறைகள். சிம்பையில் படம் கிடையாது. மனித உருவங்கள் வரிசையில் நகர்வதைப் பார்த்தால்தான் நிர்வாகக் குழு நம்பும் என்றால், அதை நீங்களே வேறு கருவி கொண்டு செய்துகொள்ள வேண்டும். காத்திருப்பு நேரத்தைத் தானாகப் பதிவு செய்யும் வசதியும் இல்லை. யார் எப்போது எதற்காக நின்றார் என்பதைக் குறித்துவைக்கும் வரிகளை ஒவ்வோர் இடத்திலும் நாமே எழுத வேண்டும். ஓர் அறையைக் கேட்டுப் பெற்றவர் அதை விடுவிக்கும் வரியை எழுத மறந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, வரிசை மட்டும் முடிவில்லாமல் நீளும். அறையைத் தானாகவே விடுவித்துவிடும், 'வித்' என்ற சொல்லோடு எழுதும் முறையை முதல் நாளே பழகிக்கொள்வது நல்லது. ஆவணங்கள் சுருக்கமானவை, ஆனால் தெளிவானவை. அதில் வங்கி வரிசையில் பொறுமை இழந்து வெளியேறும் வாடிக்கையாளரைப் பற்றிய உதாரணத்தை அப்படியே எடுத்து, காத்திருக்க முடியாமல் வீட்டுக்குப் போய்விடும் நோயாளிகளுக்குப் பொருத்திக்கொண்டேன். தமிழில் வழிகாட்டி ஏதும் என் கண்ணில் படவில்லை. ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்களுக்கு, பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை ஊழியர்களுக்காக ஹெச்எஸ்எம்ஏ என்ற பயிற்சித் திட்டம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் சிம்பை பாடங்கள் மிகவும் உதவும். அவை மருத்துவமனை உதாரணங்களோடே தொடங்குகின்றன.

எங்கள் இரண்டாவது பயன்பாடு, கிராமங்களில் நடத்தும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்களுக்கானது. இந்தப் பரிசோதனைக்கும் தமிழ்நாட்டுக்கும் நீண்ட தொடர்பு உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறையைச் சோதித்து 2007-இல் வெளியான ஆய்வு, அந்தப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. அந்தப் பலன் பார்ப்பதால் மட்டும் வருவதில்லை. ஐயத்துக்குரிய மாற்றம் தெரிந்தவருக்குக் கால்போஸ்கோப்பி, அதாவது கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் பரிசோதனை, செய்து, தேவையானால் சிகிச்சையும் அளிக்க வேண்டும். எங்கள் முகாம்கள் மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். கால்போஸ்கோப்பி வாரத்தில் ஒரு நாள்தான். ஆண்டுக் கணக்கில் இரண்டும் சரியாகப் பொருந்தின. ஒத்திகையிலோ ஒரு பெரிய முகாமுக்கு அடுத்த வாரம் வரிசை திடீரென்று வீங்கி, அது வடிவதற்குள் அடுத்த முகாம் வந்து சேர்ந்தது. மருத்துவர்களைக் கூட்டாமல், முகாம்களைச் சிறிதாக்கி வாரம்தோறும் பரப்பினாலே வரிசை கட்டுக்குள் வந்தது. இந்த மாதிரியில் ஒரு நுட்பம் உண்டு. மாஸ்டர் செக்கப் பிரிவு தினமும் காலியாகத் திறக்கிறது; கால்போஸ்கோப்பி வரிசை அப்படி இல்லை, போன மாதத்துப் பெண்களும் அதில் நிற்கிறார்கள். ஆகவே தொடக்க மாதங்களை ஓடவிட்டு, வரிசை நிலைக்கு வந்த பிறகே கணக்கெடுக்க வேண்டும். இதைச் சிம்பை தானாகச் செய்யாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

பெரிய நாடுகளுக்கும் இதே சிக்கல் வந்திருக்கிறது. நெதர்லாந்தில் 2014-இல் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கியபோது, மலத்தில் ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் இருந்தாலே அடுத்த கட்டமான, பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு அனுப்புவது என்று வைத்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு அந்த அளவு தாண்டியதால் கொலோனோஸ்கோப்பிக்கு இடம் போதவில்லை. அதே ஆண்டின் நடுவிலேயே அளவை 47 மைக்ரோகிராமுக்கு உயர்த்தினார்கள். இத்தனைக்கும் ரோட்டர்டாமின் எராஸ்மஸ் மருத்துவ மையம் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் மிஸ்கேன் என்ற மாதிரியின் துணையோடு திட்டமிட்ட நாடு அது. ஆனால் மாற்றம் தேவை என்பதை விரைவாகக் கண்டுகொள்ளவும், எந்த அளவுக்கு மாற்றுவது என்று கணக்கிடவும் தரவும் மாதிரியும் கையில் இருந்ததால்தான் சில மாதங்களில் திருத்த முடிந்தது என்பது என் கருத்து. எத்தனை பேரைப் பரிசோதிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பரிசோதனைக் கூடத்தின் கொள்ளளவு மட்டுமில்லை. அதற்கு அடுத்த அறையின் கொள்ளளவும்தான்.

கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு சிமுல்8, அரீனா, எனிலாஜிக் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. நிரலே எழுதாமல் பெட்டிகளை இழுத்து வைத்து மாதிரி அமைக்கலாம். உருவங்கள் நகர்வதையும் பார்க்கலாம். பைத்தான் தெரிந்த ஒருவர்கூட இல்லாத மருத்துவமனைக்கு அவையே பொருத்தம். ஆர் என்ற நிரல் மொழி பழகியவர்களுக்கு சிம்மர் என்ற இலவசத் தொகுப்பு உண்டு. ஒரே ஒரு வரிசை, ஒரே ஓர் அறை என்றால் இவை எதுவும் வேண்டாம், எக்செல் தாள் போதும். ஒருவர் பல அறைகளுக்குப் போகிறார், ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று, நடுவில் கட்டாயக் காத்திருப்பு, சிலருக்கு முன்னுரிமை என்று நிபந்தனைகள் பின்னிக்கிடக்கும் பரிசோதனை மையத்துக்குச் சிம்பையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பைத்தான் ஓரளவு தெரிந்தவருக்கு முதல் மாதிரி ஒரு வாரத்தில் வந்துவிடும். அதைத் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் கடிகாரத்தோடு வாசலில் நிற்பதற்கு ஒருவரை ஒதுக்குங்கள். மருத்துவர் நிஜமாக எத்தனை மணிக்கு வருகிறார் என்பதையும் வாசலில் நிற்பவரே எழுதட்டும்.